பதினோரு முத்திரையும் ஒரு மேடும்

கோப்பு சுமக்கிறவனுக்குத் தோள் வலி, கையெழுத்துப் போடுகிறவனுக்கு விரல் வலிகூடக் கிடையாது என்று பம்பாயில் எங்கள் மாட்டுங்கா ஆபீஸ் லிஃப்ட்காரர் சொல்வார். நான் சுமந்த கூட்டத்தைச் சேர்ந்தவன். மின்சாரக் கம்பெனியில் முப்பத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். அதில் முதல் எட்டு வருஷம் கோப்பு சுமந்தே போயிற்று.

போன மாதம் எங்கள் ஓய்வு பெற்றோர் சங்கக் கூட்டத்துக்கு ஆபீசிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். இனிமேல் அனுமதி எல்லாம் போனிலேயே, விரலால் ஒரு தட்டுத் தட்டினால் தீர்ந்தது, காகிதமே கிடையாது என்று விளக்கினார். பிறகு என்னைப் பார்த்து, "அங்கிள், அந்தக் காலத்துல ஒரு டிரான்ஸ்பார்மர் வைக்கணும்னா எப்படி அப்ரூவல் வாங்குவீங்க?" என்று கேட்டார். "நாங்களும் தட்டித்தாம்மா பாத்தோம். பதினோரு தட்டு. எல்லாம் தப்பாப் போச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். என் கையில் மைக் வந்தால் அன்றைக்குச் சாப்பாடு ஆறிவிடும் என்று சங்கச் செயலாளருக்குத் தெரியும். "எழுதிக் குடும்வே, சங்க மலர்ல போட்டுருவோம்" என்று சாமர்த்தியமாக மைக்கைப் பிடுங்கிக்கொண்டார். ஆகவே எழுதுகிறேன்.

நான் நாங்குநேரிப் பக்கத்துக்காரன், பெயர் சுடலைமுத்து. பதினெட்டு வயதில் தாராவிக்கு வந்தேன். இரண்டு வருஷம் தோல் பதனிடும் ஷெட்டில் கிடந்துவிட்டு, மாட்டுங்காவில் பட்டாவாலா வேலைக்குச் சேர்ந்தேன். பியூனுக்கு பம்பாயில் அதுதான் பெயர். காக்கி உடுப்பு, தோளுக்குக் குறுக்கே ஒரு பட்டை, பட்டையில் பித்தளை வில்லை. படிப்பு ஐந்தாம் வகுப்பு. ஆங்கிலமும் இந்தியும் எனக்கு ரயில் நிலையப் பலகைகள் சொல்லிக்கொடுத்தவை. ஒரே ஊர்ப் பெயரை இரண்டு மூன்று எழுத்தில் எழுதி வைத்திருப்பார்களே, அதைப் பார்த்துப் பார்த்து, காதில் விழும் 'குர்லா'வை எழுத்தில் கண்டுபிடிப்பேன். சயான், குர்லா, காட்கோபர் என்று முலுண்ட் வரைக்கும் போய் வந்தபோது எழுத்துக்கூட்டி வாசிக்க வந்துவிட்டது. மிச்சத்தைக் கோப்பு அட்டைகள் சொல்லிக்கொடுத்தன. என் பள்ளிக்கூட வரலாறு இவ்வளவுதான்.

கம்பெனி நடந்த விதத்தைச் சொல்லாமல் மேலே போக முடியாது. அப்போதெல்லாம் பல கம்பெனிகள் ஒரு குடும்பத்தின் மேனேஜிங் ஏஜென்சி கையில், அதாவது நிர்வாகக் குத்தகையில், இருந்தன. எங்களுடையதும் அப்படித்தான். பங்குதாரர்கள் வருஷத்துக்கு ஒரு நாள் வந்து, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு, கையைத் தூக்கிவிட்டுப் போவார்கள். போர்டில் ஏழு டைரக்டர்கள். ஆனாலும் முடிவு ஒருவருடையது. அவரைச் சேர்மன் சாஹேப் என்போம். பருத்தி வியாபாரக் குடும்பம், குள்ளமான உருவம், வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு. சிவப்புத் துண்டுச்சீட்டில் நாலே வார்த்தை எழுதுவார். அந்தச் சீட்டு மூன்றாவது மாடியிலிருந்து இறங்கும்போது ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் எழுந்து நிற்பார்கள். இன்ன இடத்துக்கு லைன் போடு, இன்ன ஆளை மாற்று என்று வரும். ஏன் என்று ஒரு குரல் கேட்டதில்லை. ஆறு நிறையத் தண்ணி போனாலும் நாய் நக்கித்தான் குடிக்கும் என்பார்களே, அந்த மாதிரி, பெரிய பெரிய எஞ்சினியர்கள் இருந்த ஆபீசில் ஆளுக்கு ஒரு நாக்கு அளவு வேலைதான் நடந்தது.

இப்படிப்பட்ட ஆபீசில்தான் நடேசன் சார் சீஃப் எஞ்சினியராக இருந்தார். மாட்டுங்காவிலேயே வீடு. முழுக்கைச் சட்டை, நெற்றியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு சந்தனக்கீற்று, வீட்டிலிருந்து பிளாஸ்கில் காபி. மணி அடித்து யாரையும் கூப்பிட மாட்டார், எழுந்து வந்து மேஜையருகே நிற்பார். பேனா மூடியே இருக்கும். கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார். "முதல் பக்கத்துல எல்லாரும் நன்னாத்தான் எழுதுவா சுடலை. கடைசிப் பக்கத்துலதான் சரக்கு என்னன்னு தெரியும்" என்பார். ஆனால் என்னை அசத்தியது வேறொன்று. நான் கோப்பை நீட்டினால் இரண்டு கையாலும் வாங்குவார். ஒரு பட்டாவாலா கையிலிருந்து பிரசாதம் வாங்குகிற மாதிரி சீஃப் எஞ்சினியர் வாங்குவதை முதல் தடவை பார்த்தபோது, எனக்கு எந்தக் கையை எடுப்பது என்று தெரியாமல் கோப்பையே கீழே போட்டேன்.

இரண்டு கை வழக்கம் ஜப்பானிலிருந்து வந்தது. ஆறு மாதப் பயிற்சிக்கு அங்கே ஒரு மலைப்பக்கத்து மின்சாரக் கம்பெனிக்குப் போயிருந்தார். காபி வேளையில் அதைப் பற்றிப் பேசுவார்.

"ஆரம்பத்துல அங்க பள்ளத்தாக்குக்கு ஒரு கம்பெனிடா. ஊர்ல சாராயம் வடிக்கறவர், பட்டு வியாபாரி, மரக்கடைக்காரர், இவாதான் டைரக்டர்ஸ். விளக்கு அணைஞ்சுதுன்னா ஜனங்க எங்க போய் நிப்பா தெரியுமோ?"

"எங்க சார்?"

"டைரக்டர் ஆத்து வாசல்ல. அவரும் அதே இருட்டுலதானே உக்காந்திருப்பார்! அப்புறம் குட்டிக் கம்பெனியெல்லாம் ஒண்ணா சேர்ந்து பெரிசாயிடுத்து. ஆனா ஒரு பழக்கம் மட்டும் அங்க ஊறிப்போயிருக்கு. பேப்பர் கீழேந்து மேல போகும். மேலேந்து கீழ வராது."

அந்தப் பழக்கத்தைத்தான் அவர் எங்கள் ஆபீசுக்குக் கொண்டுவந்தார். புது வேலை ஒன்று வேண்டும் என்றால், களத்தில் நிற்கிற ஆள், ஃபோர்மேனோ லைன்மேனோ, முதலில் ஒரு தாளில் எழுத வேண்டும். தாளின் அடியில் பதினோரு கட்டம். அது மேஜை மேஜையாகப் போகும். படித்துச் சம்மதமானால் ஒவ்வொருவரும் தன் கட்டத்தில் முத்திரை குத்த வேண்டும். பதினோராவது நடேசன் சாருடையது. அதற்குப் பிறகுதான் போர்டு. நாங்கள் அதைச் சுற்றுத்தாள் என்றோம். இன்னொரு விதியும் உண்டு. சம்மதமில்லை, ஆனால் வேலையைத் தடுக்கவும் விருப்பமில்லை என்றால் முத்திரையைச் சாய்வாகக் குத்தலாம். ஜப்பானில் ஒரு கிழவர் அப்படிச் செய்ததைப் பார்த்தாராம். எங்கள் அதிகாரிகளுக்கோ சாய்வு என்றாலே வேலை போய்விடும் என்று பயம். ஸ்கேலை வைத்துக் கோடு பிடித்து நேராகக் குத்துவார்கள்.

போர்டில் சேர்மன் சாஹேப் இதற்குச் சிரித்துக்கொண்டேதான் சம்மதித்தார். ஒரு வருஷம் நடத்திப் பாருங்கள், ஒரே ஒரு தப்பான தாள் என் மேஜைக்கு வந்தால் அன்றோடு சரி, பழையபடி என் சீட்டு என்றாராம்.

பதினோரு முத்திரைகளும் தாராவியில் எங்கள் சந்தில் செய்தவை. செய்தவர் காதர் பாய், மேலப்பாளையத்துக்காரர், எனக்கு நாலு வீடு தள்ளி ரப்பர் ஸ்டாம்பு கடை. எழுத்துகளைத் தலைகீழாகக் கோத்து, அச்சு எடுத்து, ரப்பரை நிலக்கரி அடுப்பில் வேகவைத்து எடுக்க வேண்டும். கடைக்குள் பகலிலேயே இருட்டு. வாசலில் வெயில் விழுகிற நாலு மணி நேரம்தான் அவருக்கு வேலை நேரம். மேகம் வந்தால் கடையை மூடிவிடுவார். கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. "ஒரு பல்பு, ஒரே ஒரு பல்பு என் தலைக்கு மேல தொங்கட்டும். பம்பாய்க்கே ஸ்டாம்பு அடிச்சுத் தள்ளிருவேன்" என்பார். சந்தில் இப்படிப் பத்துமுப்பது பட்டறைகள். தையல், தோல்பை, தகரப்பெட்டி. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மாட்டுங்கா வெளிச்சத்தில் மிதக்கும். இந்தப் பக்கம் நாங்கள் மண்ணெண்ணெய் வாசத்தில் கிடப்போம்.

எங்கள் பகுதி ஃபோர்மேன் கதம் என்று ஒரு மராட்டியர். இந்தச் சந்துக்கு ஒரு டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று அவர்தான் சுற்றுத்தாள் எழுதினார். அந்த வருஷம் கம்பெனியிடம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்று. அதைச் செம்பூர் பக்கம் புதிதாகக் கட்டுகிற காலனிக்கு அனுப்பச் சேர்மனுக்கு விருப்பம். எங்கள் தாள் தேறினால் தாராவிக்கு, தேறாவிட்டால் செம்பூருக்கு. அவ்வளவு சுருக்கம்.

தாளைச் சுமந்தவன் நான்.

மூன்றாவது மேஜையில் தாளோடு வரைபடத்தையும் கோத்தார்கள். டிரான்ஸ்பார்மர் நிற்கிற இடத்தில் பிளானிங் எஞ்சினியர் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தார். பொதுக்குழாய், சாக்கடை, பக்கத்தில் குறி. அது எங்கள் சந்தின் பள்ளம். ஜூலை வந்தால் அங்கே ஆள் இடுப்பளவு தண்ணீர் நிற்கும். அவர் அளந்தது ஜனவரியில். ஜனவரியில் அங்கே பிள்ளைகள் பம்பரம் விடும், அவ்வளவு காய்ந்த தரை.

சரி, அடுத்த மேஜைக்காரர் கண்டுபிடிப்பார் என்று நினைத்தேன். அவர் தனக்கு முன்னால் மூன்று முத்திரை இருப்பதைப் பார்த்தார், குத்தினார். அதற்கடுத்தவர் நான்கைப் பார்த்தார். முத்திரை கூடக் கூடப் படிக்கிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. பத்துப் பேருக்குப் பல்லுக்குச்சி, ஒருத்தனுக்குத் தலைச்சுமை என்று ஊரில் சொல்வோம். பொறுப்பு பல்லுக்குச்சியாகிவிட்டது. எல்லோரும் வாயில் வைத்துக் கடித்துவிட்டுத் துப்பிவிட்டார்கள்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை? பேப்பர் சுமக்கிறவனுக்குப் பேப்பருக்குள் வேலையில்லை என்பது ஒன்று. அதைவிடப் பெரியது இன்னொன்று. நான் பேசினால் தாள் கெட்டுவிடும். தாள் கெட்டால் டிரான்ஸ்பார்மர் செம்பூருக்குப் போய்விடும். எங்கள் சந்து மறுபடி இருட்டு. சொந்தச் சந்துக்கு நானே மண்ணள்ளிப் போடுவதா? எட்டு நாள் இப்படியே மேஜை மேஜையாக நடந்தேன். பதினோராவது கட்டத்தில் நடேசன் சாருடைய முத்திரையும் விழுந்துவிட்டது.

போர்டு கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் காதர் பாய் கடையில் நின்றேன். மனிதர் உற்சாகத்தில் உத்தரத்தில் கொக்கியே அடித்துவிட்டார், பல்பு தொங்க.

"எங்கவே நிக்கப் போவுது நம்ம டிரான்ஸ்பார்மரு?" என்றார்.

"குழாயடியில, பாய்."

சுத்தியலைக் கீழே வைத்தார். "அந்தப் பள்ளத்துலயா? போன மழைக்கு என் பெஞ்சு அங்கதானவே மெதந்துச்சு! பதினோரு பேரு பாத்தாங்கன்னீரு?"

"பேப்பரப் பாத்தாங்க."

"நீரு பாத்தீருல்லா?"

நான் அவர் அடித்த கொக்கியைப் பார்த்தேன்.

"இந்தாரும், சுடல. வெளக்கு வராட்டா இருட்டு. அது நமக்குப் பழக்கந்தான். தண்ணியில கரண்டு வந்தா மையத்துதான் விழும். குழாயடியில நிக்கது நம்ம பொம்பளைங்கவே. போயிச் சொல்லும்."

"சொன்னா செம்பூருக்குப் போயிரும் பாய். ஒம்ம பல்பு?"

"பல்பு கெடக்கு. கொக்கியில வெங்காயத்தக் கட்டித் தொங்க விடுதேன். நீரு போயிச் சொல்லும்."

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் போய் நடேசன் சார் அறைவாசலில் நின்றேன். வந்தார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"எட்டு நாளா சார்."

"எட்டு நாளா இதைத் தூக்கிண்டு நடந்தியா? கனக்கலையாடா?"

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் தாளைத் திருப்பித் தன் கட்டத்தைப் பார்த்தார். "என்னோடதும் நேராத்தான் இருக்கு" என்றார் மெதுவாக. "என் ஆத்துலேந்து அந்த எடத்துக்கு நடந்தே போலாம். இருபது நிமிஷம். ஒரு நாள் போனதில்லை."

அன்று அவர் செய்ததை இன்றைக்கும் ஆபீஸ் வைத்து நடத்துகிற பிள்ளைகள் அறிய வேண்டும். தாளை ஒளித்திருக்கலாம். பிளானிங் எஞ்சினியர் தலையில் போட்டிருக்கலாம். இரண்டையும் செய்யாமல் போர்டு ரூமுக்குள் போய், முதல் விஷயமாக, "இந்தத் தாள் தப்பு. கடைசி முத்திரை என்னுடையது, ஆகவே தப்பும் என்னுடையது. தெரிந்தவர் ஒருவரே, அவரை நாங்கள் கேட்கவில்லை" என்று சொல்லிவிட்டார். என்னையும் உள்ளே கூப்பிட்டார்கள். டீத் தட்டு இல்லாமல் நான் அந்த அறைக்குள் போனது அதுவே முதல் தடவை. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சேர்மன் சாஹேப் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பானி கஹாங் தக் ஆதா ஹை?" தண்ணீர் எவ்வளவு வரும்?

இடுப்பில் கையை வைத்துக் காட்டினேன்.

நடேசன் சார் பக்கம் திரும்பினார். பதினோரு படித்தவர்களின் முத்திரை, ஒரு பட்டாவாலாவின் இடுப்பு, இதில் எதை நம்பச் சொல்கிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். மற்ற டைரக்டர்கள் சிரித்தார்கள். பிறகு சேர்மன் அவர்களைக் கையமர்த்திவிட்டு, என்னிடமே கேட்டார். "அப்போ தண்ணீர் வராத இடம் எது? அது தெரியுமா?"

தெரியும். சந்தின் முனையில் ஒரு மேடு உண்டு. எந்த மழைக்கும் நாங்கள் சட்டிபானைகளைக் கொண்டுபோய் வைப்பது அங்கேதான். ஆனால் அந்த மேட்டில் காதர் பாயின் நிலக்கரிக் கொட்டகை நிற்கிறது. அதையும் சொன்னேன்.

சேர்மன் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்குப் போர்டு கலையும். அதற்குள் சரியான தாள் வரட்டும். வராவிட்டால் டிரான்ஸ்பார்மர் செம்பூர். உங்கள் ஜப்பானும் முடிந்தது."

மணி பன்னிரண்டு. ஒரு சுற்றுத்தாள் சுற்றிவர இரண்டு வாரம் ஆகும். நடேசன் சார் மேஜை மேஜையாகப் போய் ஒரே வாக்கியம் சொன்னார்: "முத்திரையை எடுத்துண்டு கீழ வாங்கோ." கீழே ஏணி ஏற்றுகிற லாரி நின்றது. பத்து அதிகாரிகள், அதில் நாலு பேர் டை கட்டியவர்கள், லாரியில் ஏறி நின்றார்கள். பிளானிங் எஞ்சினியருக்கு முகமே இல்லை. "வரைபடத்துல பள்ளம் காட்டலை சார்" என்றார். "வரைபடத்துக்கு மழை பெய்யாதுப்பா, ஏறு" என்றார் நடேசன் சார்.

சந்துக்குள் லாரி போகாது. ரோட்டிலேயே இறங்கி வரிசையாக நடந்தோம். குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்களுக்குப் பொழுது போயிற்று.

"ஏ யக்கா, எலெக்சன் வந்துட்டுபோல!"

"எலெக்சன் இல்லடி, பொண்ணு பாக்க வந்திருக்காவ. மாப்பிள்ளைதான் யாருன்னு தெரியல."

"சுடலை முன்னால வாரான் பாரு, அவந்தான் தரகன்."

ஸ்டோர்ஸ் ஆபீசர் சாக்கடையைத் தாண்டப் போய் ஒரு காலை உள்ளே விட்டார். அன்றைக்குச் சந்து முழுக்க அவருக்காகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றியது, சிரித்துக்கொண்டே. பிளானிங் எஞ்சினியர் குழாயடிச் சுவரில் குனிந்து நின்றார். போன மழையின் சேற்றுக்கோடு அங்கே காய்ந்து கிடந்தது. தன் டையின் நுனி அதற்கு நேராகத் தொங்குவதைப் பார்த்தார். நிமிர்ந்தபோது, "இது என் கண்ணுல படவே இல்லையே" என்று தனக்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

மேட்டில் காதர் பாயிடம் நடேசன் சார் நேராகக் கேட்டார். "உங்க கொட்டகை போயாகணும் பாய். சந்துல எங்க வைக்கவும் முனிசிபாலிட்டி அனுமதி இருக்கு, ஆனா உங்க வாயால சரின்னு வரணும்."

காதர் பாய் கொட்டகையைப் பார்த்தார். அவருடைய நிலக்கரி, உடைந்த அச்செழுத்துகள், பத்து வருஷத்துச் சாமான். "எடுத்துக்கிடுங்க சார். ஆனா ஒரு கண்டிசன்."

"சொல்லுங்கோ" என்றார் நடேசன் சார்.

"மண்டையோடு போட்டு ஒரு சிவப்புப் பலகை மாட்டுவீங்கல்லா? அது என் கடைவாசலப் பாக்கப்படாது. ஸ்டாம்பு வாங்க வாரவன் திரும்பி ஓடிருவான்."

நான் மராட்டியில் சொன்னதும் விஷயம் புரிந்த கதம் அப்படிச் சிரித்ததை நான் அதற்குப் பிறகு பார்த்ததில்லை.

புதுத்தாள் எடுத்தார்கள். கதம் எழுதப் போனார். நடேசன் சார் தடுத்தார். "இடத்தைக் காட்டினது யாரு? அவன் எழுதட்டும்." காதர் பாயின் பெஞ்சில் உட்கார்ந்து, ரயில் பலகைகள் கொடுத்த ஆங்கிலத்தில், மேடு இது, இங்கே தண்ணீர் வராது, நான் இந்தச் சந்தில் இருக்கிறேன் என்று மூன்று வரி எழுதினேன். எழுத்துப் பிழை எத்தனை என்று எனக்குத் தெரியாது. யாரும் திருத்தவில்லை. பிறகு அதே பெஞ்சில் ஒவ்வொருவராகக் குனிந்து குத்தினார்கள். குத்துவதற்கு முன் ஒவ்வொருவரும் மேட்டைக் காலால் ஒரு மிதி மிதித்துப் பார்த்தார்கள். ஸ்டோர்ஸ் ஆபீசர், ஈரக்கால்காரர், இரண்டு தடவை மிதித்தார். யோசித்தார். முத்திரையைச் சாய்வாகக் குத்தினார்.

எல்லோரும் அவரையே பார்த்தோம்.

"மண்ணு பொலபொலங்கிறது சார்" என்றார், வேர்த்துக்கொண்டே. "அடியில கான்கிரீட் போடாம வெச்சா சாயும். நான் சொல்லிட்டேன்." நடேசன் சார் அதைத் தாளின் ஓரத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்.

நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போர்டு ரூமில் தாளை வைத்தார். நான் கதவோரம். சேர்மன் சாஹேப் என் மூன்று வரியைப் படித்தார். முத்திரைகளை விரலால் எண்ணிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

"யே டேடா க்யூங்?" இது ஏன் கோணல்?

அவருக்கு இதில் சம்மதமில்லை, கான்கிரீட் வேண்டும் என்கிறார், அவர் சொல்வது சரி என்று நடேசன் சார் பதில் சொன்னார்.

சேர்மன் கொஞ்ச நேரம் அந்தக் கோணல் முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படியானால் இந்த ஆள் படித்திருக்கிறான்" என்றார். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார். எழுந்து போகிற போக்கில் செகரட்டரியிடம், இனி எல்லாத் தாளிலும் இடத்தை நேரில் பார்த்தவர் யார் என்று ஒரு கட்டம் சேர்க்கச் சொன்னார்.

சிவப்புச் சீட்டு அதற்குப் பிறகும் எப்போதாவது இறங்கியது. பெரிய மனிதர் பழக்கம் ஒரே நாளில் போகாது. ஆனால் அந்தக் கட்டம் நின்றுவிட்டது. லைன்மேன், மீட்டர் பார்க்கிறவர், கூட்டுகிறவர் பெயர்கள்கூட அதில் ஏறின. இரண்டு வருஷம் கழித்து எனக்குக் கிளார்க் வேலை கொடுத்தார்கள். பித்தளை வில்லையைக் கழற்றி ஸ்டோர்ஸ் ஆபீசரிடம்தான் ஒப்படைத்தேன்.

டிரான்ஸ்பார்மர் கான்கிரீட் மேடையில் மே மாதமே ஏறிவிட்டது. மண்டையோட்டுப் பலகை ரயில் பாதையைப் பார்த்து நின்றது. காதர் பாய் பல்பு மாட்டிய அன்று வாடிக்கையாளர் இல்லாவிட்டாலும் நடுச்சாமம் வரை எரியவிட்டு, கீழே உட்கார்ந்து சும்மா எழுத்து கோத்துக்கொண்டிருந்தார்.

ஜூலையில் ஒரு நாள் காலையில் பிடித்த மழை மத்தியானமாகியும் விடவில்லை. ரயில் நின்றுவிட்டது. சந்து முனையில் கம்பெனியின் புகார் அறை ஒன்று உண்டு, உயரமான படி வைத்தது. கதமும் நானும் அதில் மாட்டிக்கொண்டோம். கீழே குழாயடி இருந்த இடமே தெரியவில்லை. தண்ணீர் நான் காட்டிய இடுப்பையும் தாண்டி ஒரு விரல் ஏறியிருந்தது. மேட்டில் டிரான்ஸ்பார்மர் தன்பாட்டுக்கு முனகிக்கொண்டு நின்றது. சந்தின் ஒவ்வொரு பட்டறையிலும் விளக்கு. ஜனங்கள் சட்டிபானைகளைப் பரண் மேல் ஏற்றிவிட்டு வேலையைத் தொடர்ந்துகொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. பிளானிங் எஞ்சினியர். "சுடலையா? ஒண்ணுமில்ல, சும்மாதான் கேட்டேன். எரியறதா?"

"எரியுது சார்."

வைத்து ஐந்து நிமிஷம் ஆகவில்லை, மறுபடி அடித்தது. ஸ்டோர்ஸ் ஆபீசர். "கான்கிரீட் அசையலையே? சும்மா கேட்டேன்." அப்புறம் இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். ஒருவர் கேட்டது மற்றவருக்குத் தெரியாது. எல்லோரும் சும்மாதான் கேட்டார்கள். கதம் சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே வந்தார். பத்துக் கோடு. "படே சாஹேப்?" என்று என்னைப் பார்த்தார். நடேசன் சார் மட்டும் கேட்கவில்லை.

கதவைத் தள்ளிக்கொண்டு அவரே வந்து நின்றார். பேண்ட்டைத் தொடைவரை சுருட்டி, செருப்பைக் கையில் பிடித்து, குடை திரும்பிப்போய், மாட்டுங்காவிலிருந்து நடந்தே வந்திருக்கிறார். சந்தனக்கீற்று கரைந்து மூக்கு வரை வந்திருந்தது. நேராக ஜன்னலருகே போய் மேட்டைப் பார்த்தார். சந்து விளக்குகளைப் பார்த்தார். கதம் கொடுத்த துண்டை வாங்கிக்கொண்டார், இரண்டு கையாலும்.

மறுபடி போன். நான் எடுத்தேன். அந்தக் குரலை நான் போனில் கேட்டதே இல்லை, ஆனாலும் என் கால் தானாக எழுந்து நின்றது.

"பத்தி சாலூ ஹை?" விளக்கு எரிகிறதா?

"சாலூ ஹை, சாஹேப்."

"பானி?"

"கமர் தக், சாஹேப்." இடுப்பு வரைக்கும்.

அப்புறம், "லோக் டீக் ஹைங்?" ஜனங்கள் நன்றாக இருக்கிறார்களா?

"டீக் ஹைங், சாஹேப். எல்லாரும் வேலை செய்யறாங்க" என்று பாதியில் தமிழுக்கு வந்துவிட்டேன்.

நடேசன் சார் தலையைத் துவட்டிக்கொண்டே திரும்பினார். "யாருடா அது?"

நான் போனைக் கையால் பொத்தினேன்.

"சேர்மன் சாஹேப், சார். சும்மாதான் கேக்காராம்."